மெட்ரோ ரயிலின் தானியங்கி சிக்னலும் பிரேக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுரங்க ரயில், சிக்னல் என்று நான் பேச ஆரம்பித்தாலே அடுத்த கேள்வி தயாராக வந்துவிடுகிறது. ஆள்தான் மாறுகிறாரே தவிர, சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்துவிட்டேன். எளியவை முதலில், சிக்கலானவை கடைசியில். முதல் நான்கை மட்டும் வரிசையாகப் படியுங்கள். மீதியை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம்.

1. மெட்ரோ ரயிலை டிரைவர் ஓட்டுகிறாரா, கம்ப்யூட்டர் ஓட்டுகிறதா?

தடத்துக்குத் தடம் மாறும். தானியங்கி அளவை 0 முதல் 4 வரை ஐந்து படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். 0 என்றால் டிராம் போல, டிரைவர் கண்ணால் பார்த்து ஓட்டுவது. 1-ல் டிரைவர்தான் ஓட்டுவார், வேகம் மீறினால் இயந்திரம் பிரேக் போடும். 2-ல் ரயில் தானே ஓடித் தானே நிற்கும். டிரைவர் கதவைக் கவனித்து, கிளம்பும் பொத்தானை அழுத்துவார், முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். 3-ல் முன்னறையில் யாரும் இருக்க மாட்டார்கள், பெட்டிக்குள் ஓர் ஊழியர் இருப்பார். லண்டனின் டாக்லண்ட்ஸ் ரயில் இந்த வகை. 4-ல் ரயிலில் ஊழியரே வேண்டியதில்லை.

ஆகவே முன்னால் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்து அவர்தான் ஓட்டுகிறார் என்று முடிவு கட்ட முடியாது. லண்டன் விக்டோரியா தடத்தில் 1968-ல் தொடங்கிய நாளிலிருந்தே ரயில் தானாகத்தான் ஓடுகிறது. முன்னறையில் ஆளும் அன்றிலிருந்து இருக்கிறார்.

2. ஏடிபி, ஏடிஓ, ஏடிஎஸ் என்று ஏகப்பட்ட பெயர் சொல்கிறார்களே, எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. இந்த இடத்தில் குழம்பினால் கடைசிவரை குழப்பம்தான். ஏடிஓ என்பது ஓட்டுகிற இயந்திரம்: எப்போது வேகமெடுக்க வேண்டும், எங்கே பிரேக்கைத் தொட வேண்டும், நடைமேடையில் எந்தப் புள்ளியில் நிற்க வேண்டும் என்பது அதன் வேலை. ஏடிபி காவல் காக்கிற இயந்திரம். அதற்கு ஓட்டத் தெரியாது. இந்த இடத்தில் இந்த வேகத்தைத் தாண்டக் கூடாது, இந்தப் புள்ளியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் பிரேக், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏடிஎஸ் மேற்பார்வை: கால அட்டவணை, எந்த ரயில் எந்தப் பக்கம் போகவேண்டும், தாமதத்தை எப்படிச் சரிசெய்வது என்பதெல்லாம். இவற்றோடு இன்டர்லாக்கிங் ஒன்று உண்டு. தண்டவாளம் பிரியும் இடத்திலுள்ள பாயின்ட் சரியாகத் திரும்பிப் பூட்டிக்கொள்ளும்வரை எந்த ரயிலுக்கும் அது வழி கொடுக்காது.

ஏடிஓ தப்பு செய்தால் ரயில் நடைமேடையில் கொஞ்சம் தள்ளி நிற்கும், பயணிகள் முணுமுணுப்பார்கள். ஏடிபி தப்பு செய்தால் உயிர் போகும். அதனால்தான் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். காசும் சோதனையும் கவலையும் பெரும்பாலும் ஏடிபிக்கும் இன்டர்லாக்கிங்குக்கும்தான் போகும்.

3. பிரேக் போட்டால் நிற்க வேண்டியதுதானே? எதற்கு இவ்வளவு இடைவெளி?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின் மேல் ஓடுகிறது. வழுக்கி ஓடுவதால்தான் ரயிலுக்கு மின்சாரச் செலவு குறைவு. அதே காரணத்தால் நிறுத்துவதும் கஷ்டம். வழக்கமான பிரேக்கில் மெட்ரோ ரயில் ஒவ்வொரு நொடியும் வினாடிக்கு சுமார் 1 மீட்டர் வேகத்தை இழக்கும். 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 250 மீட்டர் வேண்டும். 40-லிருந்து என்றால் 60 மீட்டர் சொச்சம் போதும். வேகம் இரட்டிப்பானால் தூரம் நான்கு மடங்காகிறது. அவசர பிரேக் இன்னும் இறுக்கமானது, வினாடிக்கு 1.3 மீட்டர் அளவில் பிடித்தால் 80-லிருந்து 190 மீட்டரில் நிற்கலாம். அதற்கு மேல் இறுக்கினால் நிற்கிற பயணிகள் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள், சக்கரமும் வழுக்க ஆரம்பித்துவிடும்.

ஆனால் சிக்னல் கணக்கு இந்த நல்ல நாள் எண்களை நம்புவதில்லை. தண்டவாளம் ஈரம், ஒரு பெட்டியின் பிரேக் வேலை செய்யவில்லை, ரயில் நிறைய ஆள், பாதை இறக்கம், பிரேக் உத்தரவு வரும் நொடியில் மோட்டார் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது என்று கெட்டதையெல்லாம் சேர்த்துத்தான் தூரத்தைக் கணக்கிடுவார்கள்.

இந்தக் கணக்கு பழசாகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் 1995-ல் விலை கொடுத்தது. வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் சிவப்பு சிக்னலைத் தாண்டிய ஒரு ரயிலுக்கு, தண்டவாளத்தின் ஓரத்திலிருந்த தடுப்புக் கை சொன்னபடியே அவசர பிரேக்கைப் போட்டுவிட்டது. ஆனாலும் முன்னால் நின்ற ரயிலில் மோதி, டிரைவர் இறந்தார். சிக்னல்களுக்கிடையே இருந்த தூரம் 1910-களின் ரயில்களுக்காக வைத்தது. பிற்கால ரயில்கள் நிற்க அது போதவில்லை. சிக்னலில் கோளாறு இல்லை, பிரேக்கும் பிடித்தது, தூரம்தான் தப்பு.

4. கரன்ட் போய்விட்டால் பிரேக் எப்படிப் பிடிக்கும்?

கரன்ட் போவதால்தான் பிடிக்கும். கேட்டவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு நொடி யோசிப்பார்கள். நாம் நினைப்பது போல பிரேக் போட கரன்ட் தேவையில்லை, பிரேக்கை விலக்கி வைக்கத்தான் கரன்ட் தேவை. ரயிலின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு மின்சுற்று ஓடுகிறது. அதில் கரன்ட் இருக்கும்வரை அவசர பிரேக் விலகி நிற்கும். கம்பி அறுந்தாலோ, ஏடிபி அதைத் துண்டித்தாலோ, ஃபியூஸ் போனாலோ, ஒவ்வொரு பெட்டியிலும் சேமித்து வைத்திருக்கும் காற்றழுத்தமோ ஸ்பிரிங்கோ பிரேக்கை இறுக்கிவிடும். நீராவி எஞ்சின் காலத்தில் 1872-ல் வெஸ்டிங்ஹவுஸ் கொண்டுவந்த தானியங்கி காற்று பிரேக்கும் இதே தலைகீழ் யோசனைதான்: குழாயில் காற்று இருந்தால் ஓடு, காற்று போனால் நில்.

சிக்னலுக்கும் இதையே நீட்டிக்கொள்ளுங்கள். விக்டோரியா தடத்தில் ஆரம்பத்தில் தண்டவாளத்தின் வழியே மின்துடிப்புகள் அனுப்பினார்கள். நிமிடத்துக்கு 420 துடிப்பு வந்தால் முழு வேகத்தில் போகலாம். 270 என்றால் 40 கிலோமீட்டருக்கு மிகாமல். 180 என்றால் அதே வேகம், ஆனால் மோட்டார் போடக் கூடாது. துடிப்பே வரவில்லை என்றால் அவசர பிரேக். "நில்" என்பதற்கு அங்கே ஒரு செய்தியே கிடையாது. "போ" என்ற செய்தி வராமல் போவதுதான் "நில்". ரயிலின் இயல்பு நிலை நிற்பது. ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு நொடியும் அனுமதி வந்துகொண்டே இருக்க வேண்டும். கீழே வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கிறது.

5. ரயில் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஜிபிஎஸ்ஸா?

சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் எட்டாது. மிகப் பழைய வழி டிராக் சர்க்யூட். அமெரிக்கர் வில்லியம் ராபின்சன் 1872-ல் காப்புரிமை வாங்கியது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் இரண்டு தண்டவாளங்களிலும் சின்ன மின்சாரம் விடுவார்கள். மறுமுனையில் ரிலே எனும் மின் சுவிட்ச் அதை வாங்கிக்கொண்டு நிற்கும். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்து மின்சாரத்தைக் குறுக்கே திருப்பிவிடும், ரிலே விழும். துண்டில் ரயில் இருக்கிறது என்று பொருள். தண்டவாளம் முறிந்தாலும், பேட்டரி செத்தாலும் ரிலே விழும். 4-வது பதிலின் அதே குணம்.

இன்னொன்று ஆக்சில் கவுன்டர். ஒரு துண்டுக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியே போனது என்று எண்ணும். எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால் துண்டு காலியில்லை என்றே வைத்துக்கொள்ளும்.

6. டிராக் சர்க்யூட்டே வேலை செய்கிறதே, ரேடியோ சிக்னல் எதற்கு?

டிராக் சர்க்யூட்டுக்குத் தெரிவது "இந்தத் துண்டில் ஏதோ ஒரு ரயில்" என்பது மட்டும். துண்டு 200 மீட்டர் என்றால், ரயில் அதன் தொடக்கத்தில் நிற்கிறதா, வெளியேறும் தறுவாயில் இருக்கிறதா என்பது தெரியாது. பின்னால் வருவது முழுத் துண்டையும் விட்டுத்தான் நிற்க வேண்டும். இடம் வீண்.

ரேடியோ முறையில், அதாவது சிபிடிசியில், ரயிலே தன் இடத்தையும் வேகத்தையும் நொடிக்குச் சில முறை தரையிலுள்ள கணினிக்குச் சொல்கிறது. தரைக் கணினி பின்னால் வரும் ரயிலுக்கு "இந்த மீட்டர் வரை நீ வரலாம்" என்று இயக்க அனுமதி கொடுக்கிறது. முன்னால் உள்ளது நகர நகர அந்தப் புள்ளியும் நகரும். துண்டுகள் தரையில் இல்லை, ரயிலோடு கூடவே ஓடுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். 1985-ல் டொரன்டோவிலும் வான்கூவரிலும் தண்டவாளத்துக்கு நடுவே பதித்த கேபிள் வழியாக இந்த வகை ஓட ஆரம்பித்தது. ரேடியோ பிற்பாடு வந்தது. 1999-ல் ஐஇஇஇ எனும் மின்பொறியாளர் அமைப்பு இதற்கென ஒரு தரநிலையையே வெளியிட்டது.

முன்னால் போகும் ரயிலும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அதன் பிரேக் தூரத்தையும் கழித்துக்கொண்டு இன்னும் நெருங்கலாமே என்று கூர்மையானவர்கள் கேட்பார்கள். பொதுவாக அப்படிச் செய்வதில்லை. முன்னால் உள்ளது எந்த நொடியும் சுவர்போல அப்படியே நின்றுவிடும் என்றே கணக்கு. தடம் புரண்டால் ரயில் அப்படித்தான் நிற்கும்.

7. ரயிலுக்குத் தன் இடம் எப்படித் தெரியும்?

சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணும், சில ரயில்களில் தரையை நோக்கிய ரேடாரும் உண்டு. சிக்கல் என்னவென்றால் சக்கரம் தேயும். புதிதாக 860 மில்லிமீட்டர் விட்டத்தில் வரும் சக்கரம், மாற்றும் நேரத்தில் 780 அளவுக்கு இளைத்திருக்கலாம். ஒரு சுற்றுக்கு கடக்கும் தூரத்தில் 9 சதவீத வித்தியாசம்! அதோடு மோட்டார் தள்ளும்போது சக்கரம் சும்மா சுற்றும், பிரேக்கில் சுற்றாமல் சறுக்கும்.

அதனால் தண்டவாளத்துக்கு நடுவே பலீஸ் எனும் மஞ்சள் பலகை அளவு பெட்டிகளை அங்கங்கே பதித்திருப்பார்கள். ரயில் மேலே போகும்போது "நீ இந்த எண் பலீஸைத் தாண்டினாய்" என்று அது சொல்லும். அந்த இடம் ரயிலின் வரைபடத்தில் இருக்கிறது. கணக்கு திரும்பப் பூஜ்ஜியத்திலிருந்து சரியாகிவிடும். இரண்டு பலீஸுக்கு இடையில் சந்தேகம் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். அந்தச் சந்தேகத்தையும் ரயிலின் நீளத்தோடு முன்னும் பின்னும் சேர்த்துக்கொள்வார்கள். இடம் சரியாகத் தெரியாத ரயில், கணினியின் கண்ணுக்கு நீளமான ரயில்.

8. நடைமேடைக் கதவுக்கு நேராக அச்சு அசலாக நிற்கிறதே, எப்படி?

நடைமேடைக்கு முன்னும் உள்ளேயும் பலீஸ்களை நெருக்கமாக வைத்துவிடுவார்கள். கடைசிச் சில மீட்டரில் ஏடிஓ பிரேக்கை இறுக்கியும் தளர்த்தியும் குறித்த புள்ளியில் கொண்டுவந்து நிறுத்தும். பொதுவாக 30 சென்டிமீட்டருக்குள் நிற்கும். தவறினால், ரயில் சரியான இடத்தில் நிற்கிறது என்பதை ஏடிபி உறுதிசெய்யாமல் கதவு திறக்காது. சில நேரம் ரயில் நின்றபிறகு லேசாகத் தவழ்ந்து மறுபடி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இதற்காகத்தான்.

9. பிரேக் போடும்போது கரன்ட் உண்டாகிறதாமே?

ஆமாம். மோட்டாரையே ஜெனரேட்டராகத் திருப்பி ஓடவிட்டால், ரயிலின் வேகம் மின்சாரமாக மாறி மேல்கம்பிக்கோ மூன்றாம் தண்டவாளத்துக்கோ திரும்பப் போகும். பக்கத்தில் கிளம்பும் வேறொரு ரயில் அதை எடுத்துக்கொள்ளும். எடுத்துக்கொள்ள யாரும் இல்லையென்றால் கம்பியில் மின்னழுத்தம் ஏறும், அப்போது ரயில் அந்தச் சக்தியை ரெசிஸ்டரில் வெறும் சூடாகக் கரைத்துவிடும் அல்லது உராய்வு பிரேக்குக்கு மாறிவிடும்.

நிற்கப்போகும் நேரத்தில் மோட்டார் பிரேக்கின் பிடி குறைந்துபோகும். கடைசி நடை வேகத்தில் உராய்வு பிரேக் பொறுப்பேற்கும். இரண்டையும் குலுங்காமல் கலப்பது ஒரு கலை. அவசர பிரேக்கில் பெரும்பாலும் உராய்வையே நம்புவார்கள். கம்பியில் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறதா என்பதை நம்பி உயிரை ஒப்படைக்க முடியாதல்லவா.

10. வெளியே ஓடும் பகுதியில் மழை வந்தால் மெதுவாகப் போகிறதே?

3-வது கேள்வியின் வழுக்கல்தான். முதல் தூறலும், அழுகிய இலையும்தான் மோசம். கனமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும், அது பரவாயில்லை. அந்த நேரங்களில் ஏடிஓவை மென்மையான பிரேக்குக்கு மாற்றிவிடுவார்கள்.

11. சுரங்கத்தில் நட்டநடுவில் நிற்கிறதே, கோளாறா?

பெரும்பாலும் இல்லை. முன்னால் உள்ள ரயிலில் யாரோ கதவில் பையை மாட்டிக்கொண்டிருப்பார், அதன் விளைவு உங்களிடம் வந்து சேர்ந்திருக்கும். மெதுவாக நின்றால் இயக்க அனுமதியின் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். பிடித்துத் தள்ளியதுபோல நின்றால் அவசர பிரேக். அது விழுந்தால் ரயில் முழுதாக நிற்கும்வரை விடுவிக்கப்படாமல் இருப்பதே வழக்கம், அதன்பிறகு காரணம் பார்த்துத்தான் விடுவிப்பார்கள். அதனால்தான் இரண்டாவது வகையில் காத்திருப்பு நீளும்.

12. ரேடியோ தொடர்பு அறுந்துவிட்டால்?

சில நொடி பொறுத்துப் பார்க்கும், பிறகு பிரேக். 4-வது பதிலைப் பார்க்கவும். பிறகு டிரைவரோ ஊழியரோ கட்டுப்பாட்டு அறையின் அனுமதியுடன் மெதுவான வேகத்தில் கையால் ஓட்டி அடுத்த நிலையம் சேர்வார்கள்.

சிங்கப்பூரின் வட்டத் தடத்தில் 2016-ல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் கதை. அங்கே ரயில்கள் காரணமே தெரியாமல் சிக்னல் தொடர்பை இழந்து அவசர பிரேக் போட்டுக்கொண்டிருந்தன. ஒரே இடமில்லை, ஒரே நேரமில்லை, ஒரே ரயிலுமில்லை. அரசின் தரவு ஆய்வாளர்கள் எல்லாச் சம்பவங்களையும் நேரம், இடம், திசை என்று ஒரே படத்தில் குறித்துப் பார்த்தார்கள். ஒரு ரயில் நின்ற பிறகு அதன் பின்னால் உள்ளது, பிறகு அதற்கும் பின்னால் உள்ளது என்று கோளாறு ஒரே சீரான வேகத்தில் நகர்ந்தது. எதிர்த்தடத்தில் போகும் ஏதோ ஒன்று கடக்கும் ரயில்களையெல்லாம் நிறுத்திக்கொண்டே போகிறது! பழைய பதிவுகளைத் தோண்டியபோது பிவி46 என்ற ரயில் சிக்கியது. அதன் சிக்னல் கருவி தப்பான அலைகளை வெளியிட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் பாதிப்பில்லை, அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

கவனியுங்கள், இத்தனை குழப்பத்திலும் எந்த ரயிலும் மோதவில்லை. நின்றன, அவ்வளவுதான்.

13. அபாயக் கைப்பிடியை இழுத்தால் உடனே நிற்குமா?

பல புதிய தடங்களில் நிற்காது. நிலையத்திலோ, ரயில் கிளம்பிக்கொண்டிருக்கும்போதோ இழுத்தால் நிற்கும். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் இழுத்தால் செய்தி கட்டுப்பாட்டு அறைக்கோ டிரைவருக்கோ போகும், ரயில் அடுத்த நிலையத்தில் போய் நிற்கும். சுரங்கத்தில் புகைக்கு நடுவே நிற்பதைவிட நிலையத்தில் கதவு திறப்பது மேல். ஒருவர் மயங்கி விழுந்தாலும் அங்கேதான் உதவி கிடைக்கும்.

14. தண்டவாளத்தில் ஆள் விழுந்தால் சிக்னலுக்குத் தெரியுமா?

தெரியாது. சிக்னலுக்கு ரயில் மட்டும்தான் தெரியும். பலர் இதைக் கேட்டு அதிர்ச்சியடைகிறார்கள். அதனால்தான் டிரைவர் இல்லாத தடங்களில் பெரும்பாலும் நடைமேடை ஓரத்தில் கண்ணாடிக் கதவுகள் வைக்கிறார்கள். கதவுகள் எல்லாம் மூடிப் பூட்டியிருந்தால்தான் ரயில் நுழையவோ கிளம்பவோ அனுமதி கிடைக்கும். கதவு வைக்காத இடங்களும் உண்டு. ஜெர்மனியின் நூரம்பர்க்கில் 2008-ல் தொடங்கிய ஆளில்லா தடத்தில், நடைமேடை ஓரத்துத் தண்டவாளத்தில் ஏதாவது விழுந்தால் கண்டறியும் ரேடியோ அலை உணர்விகளை வைத்தார்கள்.

15. கம்ப்யூட்டரே தப்பு செய்தால்?

செய்யும் என்றே வைத்துக்கொண்டுதான் கட்டுகிறார்கள். ஏடிபியில் ஒரே கணக்கை இரண்டு அல்லது மூன்று கணினிகள் தனித்தனியாகப் போடும். மூன்றில் இரண்டு ஒத்துக்கொள்ளாவிட்டால் பதில் செல்லாது, ரயில் நிற்கும். இதற்கு வைத்திருக்கும் உச்சப் பாதுகாப்புத் தரத்தில், ஆபத்தான கோளாறு ஒரு மணிநேரத்தில் நடக்கும் வாய்ப்பு 10 கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கெல்லாம் அர்த்தம் உண்டு. சான்பிரான்சிஸ்கோ பகுதியின் பார்ட் ரயில் 1972 செப்டம்பரில் தானியங்கியாகத் தொடங்கியது. அடுத்த மாதமே ஒரு ரயிலில், வேக உத்தரவைப் படிக்கும் கருவியின் படிகம் பழுதாகி, வேகத்தைக் குறை என்ற உத்தரவு கூட்டு என்று படிக்கப்பட்டது. ரயில் ஃப்ரீமான்ட் கடைசி நிலையத்தைத் தாண்டி மணல்மேட்டில் ஏறியது. சிலருக்குக் காயம். ஒரே ஒரு பாகம் கெட்டதற்கு "நில்" என்ற விளைவு வராமல் "ஓடு" என்ற விளைவு வந்ததுதான் அங்கே குற்றம்.

16. இத்தனை இருந்தும் ரயில்கள் மோதியிருக்கின்றனவே?

மோதியிருக்கின்றன. மழுப்ப விரும்பவில்லை. மூன்றை மட்டும் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

வாஷிங்டன், 2009 ஜூன் 22. ஒரு டிராக் சர்க்யூட்டில் தேவையற்ற அலைவு உண்டாகி, ரயில் நின்றாலும் துண்டு காலி என்றே காட்டியது. வேகமாக வந்த ரயில்கள் அந்த இடத்தில் கணினியின் கண்ணிலிருந்து மறைந்து, உருண்டு கடந்து மறுபடி தெரிந்தன. மெதுவாக வந்த ஒன்று மட்டும் உள்ளேயே நின்றுவிட்டது. பின்னால் தானியங்கியாக வந்த ரயிலுக்கு வழி காலி என்று வேக உத்தரவு போனது. அதன் டிரைவர் கண்ணில் பட்டதும் அவசர பிரேக் போட்டார், தூரம் போதவில்லை. அவரோடு சேர்த்து 9 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே ரயில்களைக் கையால் ஓட்ட ஆரம்பித்து, 2024 டிசம்பரில்தான் ஒரு தடத்தில் மறுபடி தானியங்கிக்குத் திரும்பினார்கள். எனக்குக் கொஞ்சம் உறுத்தல் உண்டு: தப்பு காவல் காக்கிற இயந்திரத்துடையது, தண்டனை ஓட்டுகிற இயந்திரத்துக்கு. 2-வது பதிலைப் படித்தவர்களுக்குப் புரியும்.

சிங்கப்பூர், 2017 நவம்பர் 15. பழைய சிக்னலிலிருந்து ரேடியோ முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம். இரண்டும் பேசிக்கொள்ளும் இடத்தில் ஒரு ரயிலைச் சுற்றியிருந்த பாதுகாப்பு வளையம் எதிர்பாராமல் நீங்கிவிட்டது. ஜூ கூன் நிலையத்தில் பின்னால் நின்ற ரயில், தன் முன் இடம் இருக்கிறது என்று நம்பி நகர்ந்து மோதியது. மெதுவான வேகம், பலருக்குக் காயம்.

ஷாங்காய், 2011 செப்டம்பர் 27. இதைத்தான் நான் பயிற்சிக்கு வருபவர்களிடம் அழுத்திச் சொல்வேன். சிக்னல் கருவிக்கு மின்சாரம் போய்விட்டது. சரி, ரயில்கள் நின்றன, பாதுகாப்பு. ஆனால் நின்ற ரயிலை நகர்த்தியாக வேண்டுமே. தொலைபேசியில் பேசி, கையால் வழி கொடுத்து ஓட்டினார்கள். ஒரு ரயில் நின்றிருக்கும் பகுதிக்குள் இன்னொன்றை அனுப்பிவிட்டார்கள். இருநூறு பேருக்கும் மேல் காயம். இயந்திரம் கையை உயர்த்திவிட்ட பிறகு, உள்ளே ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, மேலே இருந்து கேள்விகள் வர, மனிதர்கள் அவசரப்படும் அந்த அரைமணி நேரம்தான் தானியங்கித் தடத்தின் மிக ஆபத்தான நேரம். அந்த நேரத்துக்கான கைமுறைப் பயிற்சியைத்தான் முதலில் வெட்டுகிறார்கள்.

17. யாராவது ஹேக் செய்து இரண்டு ரயிலை மோதவிட முடியுமா?

சிக்னல் வலை பொது இணையத்திலிருந்து பிரித்தே வைக்கப்படும். ஒவ்வொரு செய்தியிலும் அனுப்பியவர், நேரம், வரிசை எண், சரிபார்ப்புக் குறி எல்லாம் இருக்கும். பழசாகிப்போன செய்தியை ஏடிபி தூக்கிப் போட்டுவிடும். ரேடியோவை அலையால் அமுக்குவது எளிது, ஆனால் அப்படிச் செய்தால் ரயில் நிற்கும், அதுவே 12-வது பதில். சீனாவின் ஷென்ஜெனில் 2012-ல் பயணிகளின் கையடக்க வைஃபை கருவிகளே அறியாமல் இதைச் செய்து ரயில்களை நிறுத்தின. யாரும் எதையும் உடைக்க முடியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊரை ஸ்தம்பிக்க வைப்பது மோதவிடுவதைவிடப் பல மடங்கு எளிது. காவல் போட வேண்டியது அதற்குத்தான்.

18. டிரைவர் இல்லாத ரயிலில் ஏற எனக்குப் பயமாக இருக்கிறது. நியாயம்தானே?

பயம் புரிகிறது. ஆனால் இது புதுச் சோதனை இல்லை. ஜப்பானின் கோபேயில் 1981-லும், பிரான்சின் லீலில் 1983-லும் ஆளில்லா ரயில்கள் தொடங்கின. பாரிஸ் 14-வது தடம் 1998, கோபன்ஹேகன் 2002, டெல்லி 2020 என்று நீளும்.

மறுபக்கம், 1975 பிப்ரவரி 28 அன்று லண்டன் மூர்கேட்டில் ஒரு ரயில் முட்டுச்சந்தான கடைசி நடைமேடைக்குள் வேகம் குறைக்காமல் நுழைந்து சுவரில் மோதியது. 43 பேர் இறந்தார்கள். டிரைவர் கைப்பிடியை விட்டால் நிற்கும் ஏற்பாடு இருந்தது, அவர் விடவில்லை. ஏன் என்பது கடைசிவரை தெரியவில்லை. அதன்பிறகுதான் இப்படிப்பட்ட முட்டு நிலையங்களில் நுழையும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தானியங்கி ஏற்பாட்டை லண்டனில் பொருத்தினார்கள்.

19. 30 நொடிக்கு ஒரு ரயில் விட்டால் கூட்டமே இருக்காதே?

சிக்னல் மட்டுமே தடையாக இருந்தால் செய்யலாம். தடை நடைமேடை. ரயில் உள்ளே நுழைந்து நிற்க, கதவு திறந்து ஆட்கள் இறங்கி ஏற, கதவு மூட, கடைசிப் பெட்டி நடைமேடையைக் காலிசெய்ய ஆகும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். விக்டோரியா தடம் உச்ச நேரத்தில் மணிக்கு 36 ரயில் விடுகிறது, 100 நொடிக்கு ஒன்று. பாரிஸ் 14-வது தடம் 85 நொடி வரை நெருங்கியிருக்கிறது. அதற்குக் கீழே போக சிக்னல்காரர் மட்டும் போதாது. அகலமான கதவு, அகலமான படிக்கட்டு, கடைசி நிலையத்தில் ரயிலைச் சட்டென்று திருப்பும் வசதி எல்லாம் வேண்டும். கதவைப் பிடித்து நிறுத்தாத பயணியும் வேண்டும்.

20. ஓடுகிற தடத்தில் புது சிக்னல் மாட்ட ஏன் இத்தனை வருடம்?

வேலைக்குக் கிடைப்பது கடைசி ரயில் போய் முதல் ரயில் வருவதற்குள் உள்ள சில மணிநேரம். அதிலும் மின்சாரத்தை நிறுத்தி, கருவியை இறக்கி, மறுபடி எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவந்து சோதித்த நேரம் போக மிச்சம்தான். அப்புறம், பழைய சிக்னலும் புதியதும் பல மாதம் பக்கத்தில் பக்கத்தில் வாழ வேண்டும். அந்தச் சேர்க்கையின் ஆபத்தை 16-ல் பார்த்தோம். 1900-ல் திறந்த பாரிஸ் முதல் தடத்தை, ஆள் ஓட்டும் ரயிலும் ஆளில்லா ரயிலும் கலந்து ஓட, நீண்ட நாள் மூடாமலேயே 2012-க்குள் முழுக்க மாற்றினார்கள். அது நடந்தது என்பதே எனக்கு இன்றும் ஆச்சரியம்.

21. ஓடும்போது பின்பெட்டி கழன்று சுரங்கத்தில் தங்கிவிட்டால், கம்ப்யூட்டர் அதை மறந்துவிடாதா?

ரயில் தன் முனையைத்தான் அளக்கிறது, வாலைத் தன் நீளத்தைக் கூட்டிச் சொல்கிறது என்று 7-வது பதிலில் கவனித்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி. சரக்கு ரயிலில் இது பெரிய தலைவலி. மெட்ரோ பெட்டிகளைப் பணிமனையில் அல்லாமல் பிரிப்பதில்லை, அதனால் அபூர்வம். ஆனாலும் பிரிந்தால், 4-வது பதிலில் சொன்ன அந்த மின்சுற்று எல்லாப் பெட்டிகள் வழியாகவும் ஓடுகிறது, இணைப்பு விட்டதும் அறுகிறது, இரண்டு பாதியும் தனித்தனியே பிரேக் பிடித்து நிற்கும். முன்பாதி தன் ரயில் முழுதாக இல்லை என்று தரைக்குச் சொல்லிவிடும். அது பேசவே முடியாமல் போனாலும் பல தடங்களில் ரேடியோவுக்குத் துணையாக ஆக்சில் கவுன்டரை எடுக்காமல் விட்டிருப்பார்கள். உள்ளே போனது 24 அச்சு, வெளியே வந்தது 12 என்றால் அந்தத் துண்டுக்குள் அடுத்த ரயிலுக்கு அனுமதி கிடைக்காது.